ஜெகனின் மைனஸ்

பனிக்கட்டியை நான் மீன்கடையில்தான் பார்த்திருக்கிறேன் சார். ஐஸ் ஹாக்கி என்று ஓர் ஆட்டம் இருப்பதே இருபத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துக் குறிப்பெடுத்துத் தருவதற்கு ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அங்கே ராத்திரி ஆட்டம் நடக்கும்போது இங்கே விடிந்து பால்காரர் வந்து போயிருப்பார். அம்மா போட்டுத் தரும் காப்பியைக் குடித்துக்கொண்டே மத்தியானத்துக்குள் ஓர் ஆட்டத்தை முடித்துவிடுவேன். மூன்று வருடமாக இதுதான் என் பிழைப்பு.

மலையாளம் பேச வரும், எழுத வராது என்று சொன்னதும் தமிழிலேயே எழுதிக் கொடு என்று பேப்பரும் பேனாவும் தந்தீர்கள். நன்றி. ஒழுங்காகச் சொன்னால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சிவப்பிரகாஷ் கோபக்காரன் என்று கொழிஞ்சாம்பாறையில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தெருநாயைக்கூட நான் கல்லெடுத்து அடித்ததில்லை.

முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன், அது புரியாமல் மற்றது புரியாது. பக்கத்துக்கு ஆறு பேர். பனித்தரையில் சறுக்கிக்கொண்டு, வளைந்த கட்டையால் ஒரு ரப்பர் வில்லையை எதிரணி வலைக்குள் தள்ள வேண்டும். வலையைக் காப்பவனைத் தவிர மற்ற ஐந்து பேரும் முக்கால் நிமிடம் ஆடுவார்கள், மூச்சு வாங்கும், வெளியே போய் உட்கார்வார்கள், வேறு ஐந்து பேர் உள்ளே குதிப்பார்கள். நடுவில் அடி விழும். ஓடுகிறவனைச் சுவரோடு வைத்து நசுக்குவார்கள். சில சமயம் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு முகத்தில் குத்திக்கொள்வார்கள். ஒருவன் கீழே விழும்வரை நடுவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். சண்டை எப்போது தொடங்கியது, யார் விழுந்தான், எழுந்தானா என்று நான் குறிக்க வேண்டும். பல் உதிர்ந்து கிடப்பதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ரத்தம் சிந்தினால் ஓர் ஆள் வந்து அந்த இடத்துப் பனியை மட்டும் சுரண்டி அள்ளிக்கொண்டு போவான். கீழே வெள்ளையாகத் தெரியும். ஆட்டம் தொடரும். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது, அந்தச் சுரண்டுகிற சத்தம் பிடிக்கவும் ஆரம்பித்தது.

அதைவிடப் பிடித்தது எண்கள். யார் கோல் அடித்தான் என்று பார்ப்பது டிக்கெட் வாங்கி வந்தவன் வேலை. கம்பெனி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு. ஒருவன் தரையில் இருக்கும்போது அவன் அணி எத்தனை கோல் அடித்தது, எத்தனை வாங்கியது. அதே அணி அவன் வெளியே உட்கார்ந்திருக்கும்போது எப்படி ஆடியது. வலையை நோக்கிய ஒவ்வொரு அடியும் எந்த இடத்திலிருந்து வந்தது, அங்கிருந்து வரும் அடி கோலாவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஒவ்வொருவனுக்கும் ஓர் எண் வரும். பிளஸ், இல்லாவிட்டால் மைனஸ். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிற ஆள் மைனஸில் கிடப்பான். பெயர் தெரியாத ஒருவன் பிளஸில் இருப்பான். கைதட்டலுக்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை என்று முதல்முறை தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் மத்தியானம் இரண்டு முறை குளித்தேன்.

ஏனென்றால் நானும் ஆட்டக்காரன்தான். கபடி. எங்கள் ஊர் வேங்கை பிரதர்ஸ் அணியில் ஐந்து வருடம் ஆடினேன். பாடிப் போவது என் வேலை. எதிராளியின் களத்துக்குள் கபடி கபடி என்று பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, ஒரே மூச்சில் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். போவதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. திரும்புவதுதான் கொஞ்சம் அபூர்வம்.

ஜெகன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இடது மூலையில் நிற்கும் பிடிக்காரன். பாடி வருகிறவனின் கணுக்காலைக் குனிந்து பிடிப்பான், பிடித்தால் விடமாட்டான். தேங்காய்க் களத்தில் நாளெல்லாம் மட்டை உரித்த கை. ஊர் அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தும். நான் அவுட்டாகி வெளியே வந்து உட்காரும்போது அவன் களத்துக்குள் நின்றபடியே என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

“ஏன் மாப்ள, பெஞ்சு சூடு ஆறறதுக்குள்ள வந்துட்டயாட்ட இருக்குது.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஒரு வருடம் அணியில் என் பெயர் இல்லை, விலகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஹாக்கி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனபிறகு, எங்கள் அணியின் கோச் ஞானஜோதி மாஸ்டரிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய ஆட்டங்களின் செல்போன் வீடியோ எல்லாம் பையன்களிடம் இருந்தது. ஹாக்கிக்குப் போடுகிற கணக்கைக் கபடிக்கும் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். வலது மூலையில் ஆடுகிற டின்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று முணுமுணுத்தான். நான் கண்டுகொள்ளவில்லை. என் எண்படி இரண்டு பேரை நீக்கச் சொன்னேன், மாஸ்டர் நீக்கினார், அடுத்த நான்கு ஆட்டத்தில் மூன்றில் ஜெயித்தோம். அதற்குப் பிறகு எனக்குத் தனி நாற்காலி. பக்கத்துச் சித்தூர் அணிக்காரர்கள்கூட வந்து, அனலிஸ்ட் யாருங்க என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டின்டு எனக்கு டீ வாங்கிக்கொண்டு வருவான். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என் பேச்சுக்காகக் காத்திருந்ததில்லை சார். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் ஜெகனின் எண் வந்தது. மைனஸ் அறுபத்து மூன்று. அணியிலேயே ஆக மோசம்.

கணக்கு நேர்மையானது. ஒருவன் களத்தில் நிற்கும்போது நம் அணிக்கு வருகிற ஒவ்வொரு புள்ளிக்கும் அவனுக்குப் பிளஸ் ஒன்று, எதிரணிக்குப் போகிற ஒவ்வொரு புள்ளிக்கும் மைனஸ் ஒன்று. ஹாக்கியில் இருப்பதேதான். ஒரே ஒரு விதி மட்டும் நான் சேர்த்தேன். ஒருவன் தானே அவுட்டாகும் புள்ளியை அவன் பேரில் எழுதக் கூடாது. அது அந்த நேரத்துத் தடுமாற்றம், அவனுடைய தரத்தைச் சொல்லாது. இந்த விதி நியாயமானது என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, நீ தப்பாப் போட்டிருப்பேன்னு நான் சொல்லல. ஆனா அவன் மூலையில நின்னான்னா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கறதில்ல. அத எந்த எண்ணுல சேத்துவ?”

“அது உணர்ச்சிங்க மாஸ்டர்.”

“இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். ஜெகனை எடுக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

பொள்ளாச்சியில் தை மாதம் பெரிய போட்டி வருவதாக இருந்தது. ஒரு பேங்க் அணிக்கு ஆள் எடுக்கிறவர் அதைப் பார்க்க வருகிறார் என்றும், அவர் கேட்டதே இடது மூலைப் பிடிக்காரனைத்தான் என்றும் மாஸ்டரே எல்லோர் முன்னாலும் சொன்னார். கிடைத்தால் ஜெகனுக்கு நிரந்தர வேலை, மாதச் சம்பளம், தேங்காய் மட்டையிலிருந்து விடுதலை. அவன் மனைவி மோனிஷா மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் ஆனைமலைக்குப் பஸ் ஏறினாள். ஊர் முழுக்க அவனை இப்போதே பேங்க்காரர் என்று கூப்பிட்டது. மைனஸ் அறுபத்து மூன்றை ஒரு பேங்க் கைநீட்டி வாங்கிக்கொள்ளப் போகிறது. என் எண் சரியென்றால் இது நடக்கக் கூடாது. நடந்தால் என் எண்ணை யார் மதிப்பார்கள்? ஓர் ஆளுக்காக ஓர் அறிவையே குழி தோண்டிப் புதைக்க முடியாது அல்லவா? அணியின் நன்மைக்காகத்தான் நான் டின்டுவைக் கூப்பிட்டேன்.

டின்டுவை விட்டுவிடுங்கள் சார். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹாக்கியில் முழங்காலுக்குப் பக்கவாட்டில் இடிப்பதை அவனுக்கு வீடியோவில் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். முன்னால் இருந்து விழுந்தால் முழங்கால் மடங்கும், தாங்கிவிடும். பக்கத்திலிருந்து விழுந்தால் அதற்கு மடங்கத் தெரியாது. பொள்ளாச்சியில் பாடி வருகிறவர்கள் இப்படித்தான் இடிப்பார்கள், ஜெகனைப் பழக்க வேண்டும், மாஸ்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

“கால் போயிராதுங்களாண்ணா?”

“போகாது. அவன் இரும்பு.”

மறுநாள் பயிற்சியில் ஜெகன் பாடி வந்தவனின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்ற நேரத்தில் டின்டு பக்கத்திலிருந்து விழுந்தான். தொண்ணூறு கிலோ. பச்சை மட்டையைக் கையால் பிய்க்கும்போது ஒரு சத்தம் வருமே, அதுதான் வந்தது. ஜெகனின் கால் முழங்காலுக்குக் கீழே தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவன் கத்தவில்லை. மண்ணைக் கடித்தான், நிஜமாகவே கடித்தான், எடுத்து உட்கார வைத்தபோது பல்லெல்லாம் செம்மண். பிடித்த காலை மட்டும் அவன் அதுவரை விடவில்லை. டின்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஜெகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது நான். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டின்டுவ யாரும் திட்டாதீங்க மாப்ள” என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தான்.

அவன் இல்லாமல் அணி எப்படி ஆடுகிறது என்று பார்க்க நல்ல சந்தர்ப்பம். ஐந்து ஆட்டம் ஆடினோம், ஐந்திலும் தோற்றோம். ஐந்து ஆட்டத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, விஷயம் தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு விசித்திரம் மட்டும் கண்ணில் பட்டது. ஜெகனின் மைனஸ் டின்டுவின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அதுவரை பிளஸில் இருந்தவன் திடீரென்று அணியிலேயே மோசமானவன். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

பொள்ளாச்சிப் போட்டி காலம் தப்பிய மழையினால் சித்திரைக்குத் தள்ளிப் போயிற்று. ஜெகனுக்கு அதற்குள் கால் கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் என்றார்கள். இவன் கொல்லங்கோட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்து, தேங்காய்க் களத்திலேயே கயிறு கட்டிக் காலை இழுத்து இழுத்து, மூன்றே மாதத்தில் எழுந்து நின்றான். பேங்க்காரர் இன்னமும் அவனைத்தான் விசாரிக்கிறாராம். மோனிஷா ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்ண்ணா, அவிய சரியாத் தூங்கறதே இல்லீங்க. எண்ணு எண்ணுன்னு பொலம்பறாங்க. வலியக்கூடத் தாங்கிக்கறாங்க, அந்த மைனஸத் தாங்க முடியலீங்களாமா. நீங்கதான் கூட நின்னு பழக்கி உடோணுமுங்க.”

மாஸ்டரிடம் மட்டும் காட்டியது எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. அதைவிட ஆச்சரியம், அவன் அதை நம்பியிருக்கிறான். கைதட்டியவர்களை எல்லாம் விட்டுவிட்டு, என் எண்ணை நம்பியிருக்கிறான். எனக்கு அவன்மேல் அன்பு வந்தது என்றே சொல்ல வேண்டும். அன்று மாலையே போனேன்.

“நான் என்ன தப்புப் பண்றேன்னு சொல்லு மாப்ள. திருத்திக்கறேன்,” என்றான்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அவன் களத்தில் அதிக நேரம் நிற்கிறான், மற்றவர்கள் அவுட்டான பிறகும் நிற்கிறான், அந்த நேரத்தில்தான் மைனஸ் சேர்கிறது. அதைச் சொன்னேன். சீக்கிரம் வெளியே வா, எண் ஏறும் என்றேன். அவன் புரியாமல் பார்த்தான். ஆனாலும் தலையாட்டினான். நான் படித்தவன், அவன் பத்தாவதோடு நின்றவன்.

கொல்லங்கோட்டில் திருவிழா ஆட்டம், பொள்ளாச்சிக்கு முந்தின வாரம். ஜெகன் திரும்பி வருகிறான் என்று மூன்று ஜீப் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் அவன் எல்லைக் கோட்டுக்கு வெளியே காலை வைத்தான். தானாக. வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே ஒவ்வொருவராக விழுந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஏழு பேரும் அவுட்டானால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி, ஏழு பேரும் மறுபடி உள்ளே போகலாம். மறுபடி போனான், மறுபடி கோட்டைத் தாண்டினான். ஐந்து முறை எங்கள் களம் காலியாயிற்று. ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்துச் செருப்பை வீசினார்கள். ஒன்று அவன் கன்னத்தில் பட்டு ரத்தம் வந்தது. துடைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். பரீட்சை நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேங்காய்க் களத்தில் வேலை இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். மட்டைக் குவியலுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மட்டை உரிக்கும் பாரைகள் தரையில் ஊன்றி நின்றன. ஒன்று மட்டும் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருந்தது, முனை தீட்டுவதற்காக இருக்கும்.

“எண்ணு என்னாச்சு மாப்ள?”

“ஏறியிருக்கு. நேத்து மட்டும் பிளஸ் ரெண்டு.”

அவன் முகம் மலர்ந்தது. பிறகு, எண்ணெய் தேய்க்கிற கை மெதுவாக நின்றது.

“நாம அவ்வளவு கேவலமாத் தோத்தமே மாப்ள. அப்பறம் எப்படி ஏறுச்சு?”

அவனே யோசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி, வாய்க்குள் எதையோ கூட்டினான்.

“அப்ப கடைசி வரைக்கும் நின்னதுதான் என்ர தப்பா?”

அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஜெகன். பாரம் இறங்கினவன்போல மூச்சு விட்டான். சாயங்காலமே மாஸ்டரிடம் போய்ச் சொல்லிப்போடுகிறேன், பாவம் அவர் இதைப் பார்த்துக் குழம்பிக் கிடக்கிறார், கணக்கில் எங்கேயோ ஓட்டை, நீ சரி பண்ணிவிடுவாய் என்றான். மாஸ்டருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பழையபடி கைதட்டல், பழையபடி வாய்க்கு வந்த தீர்ப்பு, கணக்கு என்று யாரும் இனி வாயே திறக்க முடியாது. இதைத்தான் காரணமாக நேற்று உங்களிடம் சொன்னேன். இதுவும் உண்மைதான்.

“சரி, வா மாப்ள. ஒருக்காப் பாடி வா. கால் எப்படி நிக்குதுன்னு பாக்கோணும்,” என்றான் ஜெகன்.

எழுந்து நின்றான். மட்டைகளை ஒதுக்கிக் களம் செய்தான். நான் சுவரோரம் போய்த் திரும்பினேன். பாரை என் கையில் இருந்தது. முதுகோடு சேர்த்துப் பிடித்திருந்தேன், அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான், பிடிக்காரர்கள் காலைத்தான் பார்ப்பார்கள். கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனேன். வருடக் கணக்காகப் பாடாததால் மூச்சு முட்டியது. அவன் குனிந்தான். பூ எடுப்பதுபோல அத்தனை லகுவாக என் இடது கணுக்காலைப் பிடித்தான்.

“அவுட்டு மாப்ள,” என்றான்.

பிடரியில் அடித்தேன். அவன் முகம் மண்ணில் விழுந்தது. இரண்டாவது அடி காதுக்கு மேலே, எலும்பு உள்ளே போனது பாரை வழியாகக் கைக்குத் தெரிந்தது. மூன்றாவதற்கு முனையைத் திருப்பிக்கொண்டேன். அவன் கால்கள் உதைத்தன, சரியான காலும் ஒட்டிய காலும் ஒன்றுபோலவே உதைத்தன; வைத்தியர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். பிறகு நின்றுவிட்டன. நான் பாட்டை நிறுத்தியது அதற்கப்புறம்தான்.

கை மட்டும் விடவில்லை சார். செத்தவன் கை அது, எனக்குத் தெரியும், ஆனாலும் விடவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலைப் பிரிக்க அதை உடைக்க வேண்டியிருந்தது. ரத்தத்தின்மேல் நார்த்தூளை அள்ளிப் போட்டேன், அது குடித்துக்கொண்டது, மண்வெட்டியால் சுரண்டிக் குவியலில் சேர்த்தேன். கீழே சுத்தமான தரை தெரிந்தது. சட்டையையும் பாரையையும் கிணற்றில் போட்டேன். அவனை மட்டைக் குவியலின் மறுபக்கம் இழுத்து விட்டுவிட்டு வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தேன்.

மோனிஷாதான் சாயங்காலம் டீ கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. நானும் ஓடினேன். பாடையில் ஒரு கொம்பு என் தோளில்தான் இருந்தது. டின்டு நடக்க முடியாமல் விழுந்து விழுந்து வந்தான், அவனை மாஸ்டர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலையில் எனக்கு ஓர் ஆட்டம் இருந்தது, தவறே இல்லாமல் முடித்து அனுப்பினேன். பாராட்டு வந்தது.

செருப்பு வீசினவர்களைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்த நீங்கள், வரிசையில் காலைத் தாங்கித் தாங்கி நின்ற என்னைப் பார்த்து, “காலினு எந்து பற்றி?” என்று கேட்டீர்கள். பேன்ட்டைத் தூக்கச் சொன்னீர்கள். ஐந்து விரலும் கன்றிப்போய் அப்படியே இருந்தது. அவன் பிடி விழுந்தால் ஆள் தப்பியதில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

இரண்டு விஷயம் பாக்கி. முழுதாகச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

கணக்கில் ஓட்டை இருப்பது எனக்கு முன்பே தெரியும். டின்டுவின் மேல் மைனஸ் உட்கார்ந்த அன்றைக்கு அல்ல, அதற்கும் முன்பே, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே. கம்பெனியில் முதல் பாடமே அதுதான். ஓர் ஆளின் எண்ணைப் பார்க்கும்முன் அவன் எந்த நேரத்தில் தரையில் நின்றான் என்று பார். அணி தவிக்கும்போது நிற்கிறவன் தலையில்தான் எல்லா இழப்பும் விழும், அதைக் கழித்துவிட்டுப் பார். அந்தப் பாடத்தின் பரீட்சையில் எனக்கு நூற்றுக்கு நூறு. ஜெகன் விரலை மடக்கிக் கண்டுபிடித்ததை நான் படித்துப் பாஸ் செய்திருந்தேன். கழித்துப் பார்க்கவும் செய்தேன். ஜெகன்தான் எங்கள் அணியில் முதல். அதை மாஸ்டரிடம் காட்டுவதற்கு எனக்கு ஓர் அவசியமும் இருக்கவில்லை.

இன்னொன்று. அவன் பாடி வா என்று கூப்பிட்டதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டான். அதை நேற்று உங்களிடம் விட்டுவிட்டேன்.

“ஏன் மாப்ள, நீ ஆடினப்போ உன்ர எண்ணு எவ்வளவு?”

போட்டு வைத்திருந்தேன். யாருக்கும் காட்டியதில்லை. ராத்திரி படுக்கும்முன் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வதுண்டு. நான் முதல் ஆளாக அவுட்டாகி, அணி புள்ளி எடுத்துத் தேறிய பிறகு முதல் ஆளாக உள்ளே வந்த ஐந்து வருடத்து வீடியோவும் கணக்கில் இருக்கிறது. அவன் சிநேகிதன் என்பதால் சொன்னேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டுகிற சிரிப்பு. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பாரை இருந்த சுவரை நான் பார்த்தது அப்போதுதான்.

நீங்களும் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். பரவாயில்லை. ஓட்டையெல்லாம் ஜெகனின் எண்ணில்தான் சார், என்னுடையதில் இல்லை. லேப்டாப் உங்களிடம்தான் இருக்கிறது, கணக்குத் தெரிந்த யாரையாவது வைத்துக் கூட்டிப் பாருங்கள். பிளஸ் நாற்பத்தொன்று. எங்கள் அணியில் இதுவரை வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.